சத்தம் நின்ற வண்டி

"அத்தான், வண்டிய நீங்க ஓட்டாதீங்க. யாரையாச்சும் ஓட்டச் சொல்லி வாங்க" என்று போனில் சொன்னான் மைத்துனன் முத்துக்குமார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அப்போது எங்கள் பட்டறையில் ஒரு பிக்அப் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் என் மனைவி கோமதிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எங்கள் வாடிக்கையாளர் ராவத்ஜியின் வண்டியைப் போய்ப் பாருங்கள் என்று காலையில் அவளேதான் என்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினாள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. போனை வைத்த பிறகு, கையிலிருந்த போல்ட்டை முறுக்கி முடித்தேன். ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் இர்ஃபானிடம் சாவியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான், பதற்றமே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

டெல்லி ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்து மலருக்காக, அவள் நினைவாக எழுதச் சொன்னீர்கள். உங்களுக்கு அவள் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து எல்லாரையும் அதட்டிய கோமதி. ஆட்டோமொபைல் படித்து, கணவனோடு சேர்ந்து முனிர்காவில் பட்டறை போட்ட தைரியசாலி. நானும் அவளும் ஒரே படிப்பு. ஆனால் நான் பார்த்த கோமதி பயந்தவள். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் புரியும். பிக்அப் வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். மலைப் பாதையில் போகிறவர்கள் அதை உயர்த்திக் கேட்பார்கள். முன் ஸ்பிரிங்கின் தலைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஸ்பேசர் என்கிற இரும்பு வட்டை வைத்து உயர்த்துவோம். கேட்க எளிது. வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக இடிக்கும்.

ஒரு முறை, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இரண்டு வட்டுகளாக வெளிநாட்டிலிருந்து வந்த கிட்டை மாட்டினோம். தடித்த வட்டு டிரைவர் பக்கம் என்று அதோடு வந்த தாளில் இருந்தது. நானும் இர்ஃபானும் அப்படியே வைத்தோம். இறக்கியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்பிரிங் பழசு, மாற்ற வேண்டும் என்று நான் வண்டிக்காரரிடம் பேசத் தொடங்கிவிட்டேன். கோமதி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டிரைவர் எந்த ஊருக்காரன்? அவன் ஊர்ல ஸ்டீயரிங் இடது பக்கம்லா இருக்கும்" என்றாள்.

வட்டுகளை மாற்றி வைத்தோம், வண்டி நேராக நின்றது. "ரெண்டு பேரும் ஒரே படிப்புதானய்யா படிச்சோம்" என்று அன்று முழுக்க என்னை ஓட்டினாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், இதற்கு முன் அனுப்பிய வண்டிகளில் இதே தப்பு நடந்திருக்குமோ என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்ய ஆரம்பித்தாள். அதுதான் அவள்.

இன்னொரு நாள், வண்டி லிஃப்டில் ஏறி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே, அவற்றைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டுகளை இர்ஃபான் முழுதாக முறுக்கிவிட்டான். அவசரத்தில் பாதிப் பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் நின்றதும் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டிக்காரர் வாசலில் நின்று 'ஜல்தி, ஜல்தி' என்று அவசரப்படுத்த, கோமதி எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தச் சொன்னாள். வண்டி தரையில் இறங்கி, தன் கனத்தில் நின்ற பிறகே முறுக்க வேண்டும் என்றாள். "ரப்பர் இன்னிக்கு ஒண்ணும் சொல்லாது. மலையில போய்ச் சொல்லும்."

ராவத்ஜியின் வண்டி அவள் கடைசியாகப் பார்த்தது. தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு மலைக்கு, கட்வாலில் இருக்கும் தன் ஊருக்கு, அவர் அதில் போக வேண்டும். வட்டின் துளைகள் வண்டியின் துளைகளோடு சரியாகப் பொருந்தவில்லை. நெம்பித்தான் போல்ட்டுகளை நுழைத்தோம். ஓட்டிப் பார்த்தபோது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இது போகும்வரை வண்டியை அனுப்பக்கூடாது என்றாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல்.

கோமதியின் காரியம் முடிந்து நான் பட்டறைக்குப் போனபோது ராவத்ஜி வந்தார். கைகூப்பி நின்றார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார் என்று இர்ஃபான்தான் சொன்னான். அவன் வண்டியை எடுத்துச் சந்துக்குள் சுற்றிவிட்டு, முகமெல்லாம் சிரிப்போடு இறங்கினான். "பையா, ஆவாஸ் கதம்." சத்தம் போய்விட்டது. நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குப் பயமே வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எத்தனை பேர் போவார்கள் என்று யோசித்தும் வரவில்லை. ஆனால் இர்ஃபானின் சிரிப்பைப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரித்தது நினைவுக்கு வந்தது. வண்டியை மறுபடி லிஃப்டில் ஏற்றச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு வண்டியை ஏற்றினான்.

இடது பக்க ஸ்பிரிங்கைக் கழற்றியபோது வட்டின் மூன்று போல்ட்டுகளில் ஒன்று நட்டோடு கையில் வந்தது. உள்ளே துண்டாகியிருந்தது. பொருந்தாத துளைக்குள் சாய்ந்து நின்று, திரும்பும்போதெல்லாம் இழுபட்டு, ஏதோ ஒரு திருப்பத்தில் உடைந்துவிட்டது. உடைந்த பிறகு இழுக்க எதுவும் இல்லை. அதனால்தான் சத்தமும் இல்லை.

துளையை ராவிச் சமாளித்துவிடலாம் என்றான் இர்ஃபான். வேண்டாம் என்றேன். வட்டுகள் இரண்டையும் எடுத்துவிட்டு, வண்டியைக் கம்பெனி உயரத்திலேயே ராவத்ஜியிடம் கொடுத்தேன். முன்பக்கம் தாழ்ந்தே இருந்தது. அவருக்கு ஏமாற்றம்தான். என் நிலைமையைப் பார்த்து, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஞாயிறு முழுக்க அவருக்கு போன் செய்துகொண்டே இருந்தேன். ரிஷிகேஷ் தாண்டியாகிவிட்டதா, சத்தம் ஏதும் கேட்கிறதா என்று. சாயங்காலம் அவர் மனைவி போனை எடுத்து, ஊர் வந்து சேர்ந்துவிட்டோம், கவலைப்படாதீர்கள் என்றார். போனை வைத்த பிறகு, திரும்பி வரும் நாள் எது என்று கேட்க மறுபடி கூப்பிட்டேன்.

அவளுடைய புடவைகளை மாமியார் எடுத்துப் போய்விட்டார். கருவிகள் இருவருக்கும் பொது. எனக்கென்று அவள் விட்டுப்போனது இந்தப் பயம் ஒன்றுதான். அது இப்போது வர ஆரம்பித்திருக்கிறது. போகவிடாமல் வைத்துக்கொள்வேன்.