மேலே இடம் இருக்குது

எங்கள் வம்சத்தில் பொய் பேசியவர் கிடையாது. அதனால் கலியாணசுந்தரத்துக்குப் பெங்களூர் பஸ்ஸில் நடந்ததை நம்பித்தான் ஆகவேண்டும். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் முகூர்த்தப் புடவையைத் தம் தறியிலேயே நெய்து எடுத்துக்கொண்டு, காஞ்சிபுரம் பைபாஸில் ஏசி பஸ் ஏறினார். உட்காரும் சீட்டுதான். படுக்கைக்கு இரண்டு மடங்கு காசு. பகலில் படுக்கை எதற்கு என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

தம்பி குமரன் அதே பஸ்ஸில் படுக்கை எடுத்து, சென்னையிலேயே ஏறியிருந்தான். அந்த நினைப்பே இவரை அரித்தது. என் தறியில் வேலை கற்றவன் கால் நீட்டிப் போகிறான், நான் முதுகை மடக்கிக்கொண்டு போகிறேன்!

இவர் சீட்டுக்கு மேலே ஒரு படுக்கை. திரை மூடியிருந்தது. குமரன்தான் என்று நினைத்தார். அண்ணன் ஏறியும் இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே...

வாலாஜா தாண்டியது. இடுப்பு கடுத்தது. மடியில் புடவைப் பை. முகூர்த்தப் புடவையைத் தரையில் வைப்பது எங்கள் வழக்கமில்லை.

க்ரீச்... மேலே யாரோ புரண்டார்கள். சுகமாக ஒரு பெருமூச்சு. இவருக்கு வயிறு எரிந்தது.

திரைக்கு வெளியே ஒரு கால் தொங்கியது. நேராகப் புடவைக்கு மேலே.

“ராஜாவாட்டம் படுத்துக்கினு வர்றியா? காலை எடுடா. கீழ முகூர்த்தப் பொடவை இருக்குது.”

கால் உள்ளே போனது. மெதுவாக... மிக மெதுவாக.

“இடுப்பு வலிக்குதா? மேல வாங்க. எடம் இருக்குது.”

கம்மிய குரல். ‘அண்ணா’ என்று சொல்லவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. எழுந்து ஏணியில் ஒரு கால் வைத்தார்.

திரை விலகியது. கொஞ்சமாக...

உள்ளே இருட்டு. பகலில் அவ்வளவு இருட்டு.

“வாங்க... ரெண்டு பேர் படுக்கலாம்.”

தம்பி ஒதுக்கும் இடத்தில் ஒண்டுவதா? ரோஷம் காலைப் பிடித்து இழுத்தது. இறங்கினார்.

“நீயே படு. என் காசுக்கு இது போதும்.”

திரை மூடிக்கொண்டது.

மேலே மூச்சுச் சத்தமும் நின்றது.

ஆம்பூரில் சாப்பாட்டுக்கு நின்றது. பஸ்ஸின் பின்கோடியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் குமரன்.

“எப்பண்ணா ஏறுனீங்க? கடைசி பெர்த்துல நல்லா தூங்கிட்டேன். இன்னா, இடுப்பு புடிச்சிக்கிச்சா? காசு மிச்சமாச்சே!”

கலியாணசுந்தரம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தமக்கு மேலே இருந்தவர் யாரென்று கிளீனர் சத்யராஜிடம் கேட்டார்.

“யாருமில்ல சார். அந்தப் படுக்கைய விக்கிறதேயில்ல. போன மாசம் ஒருத்தர் அதுல செத்துக் கெடந்தாரு.”

“அந்தப் படுக்கைக்கு டிக்கெட் எடுத்தவரா?”

“அதான் சார் யாருக்கும் புரியல. அவரு எடுத்தது, நீங்க உக்காந்துக்கினு வந்தீங்களே... அந்த சீட்டு.”