தம்பி நட்ட மின்கம்பம்

மொரிஹிகோவின் தோட்டத்தில் மின்கம்பம் நட்ட அன்று அவன் அக்கா கினுயோ பயறு போட்ட சிவப்புச் சோறு சமைத்தாள். பிள்ளை பிறந்தால், பரீட்சையில் தேறினால் சமைக்கிற சோறு. கம்பத்துக்கும் சமைக்கலாமா என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை.

ஃபுஜி நகரத்துக் காகித ஆலையில் மொரிஹிகோவுக்கு வேலை. கழிவறைக் காகிதம் சுற்றும் உருளைகளின் பக்கத்தில் நின்று, எந்த பேரிங் தேயப்போகிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவான். முப்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் தப்பாகச் சொன்னான். அந்த இரண்டு தேதிகளும் கினுயோவுக்கு மனப்பாடம்.

அதே காது வீட்டில் அவனைப் பாடாய்ப் படுத்தியது. இசைத்தட்டில் பாட்டு அடங்குகிற இடத்தில் ஸ்பீக்கருக்குள் ஒரு தேனீ முனகியது. பிளக் பாயிண்ட்டை மாற்றினான். மெயின் பெட்டியிலிருந்து பாட்டுக்கென்றே தனியாகக் கனமான ஒயர் இழுத்தான். எர்த் கொடுக்கச் செப்புக் கம்பியைத் தோட்டத்தில் அடித்ததில் கினுயோவின் வெங்காயத்தாள் பாத்தி போயிற்று. தேனீ மட்டும் போகவில்லை. கடைசியில் கண்டுபிடித்தான்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை ஏழு வீடுகள் பங்குபோடுகின்றன.

"அடுத்த வீட்டுல சோறு சூடாக்குறது என் பாட்டுக்குள்ள கேக்குதுக்கா."

"நல்ல சோறா இருந்தா கேட்டுட்டுப் போயேன்."

அவனுக்கென்று ஒரு கம்பம், அதன்மேல் அவனுக்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கம்பம், பக்கத்து வீட்டு இனோசேயின் குளியலறை ஜன்னலில் ஃபுஜி மலையைச் சரிபாதியாகப் பிளந்துவிடும். இனோசே நாற்பது வருஷம் முடிதிருத்தியவர். எதையும் கோணலாகச் செய்யமாட்டார், கோபத்தைக்கூட. ஒருநாள் வந்து உட்கார்ந்து தேனீயோடு ஒரு பாட்டைக் கேட்டார்.

"கம்பம் வந்தப்புறம் இதே பாட்டப் போடு மொரி. எனக்கு வித்தியாசம் தெரிஞ்சா இருக்கட்டும். தெரியலன்னா பிடுங்கிரணும்."

மொரிஹிகோ எழுதி, முத்திரை குத்தியே கொடுத்துவிட்டான்.

ரெக்கார்டு பிளேயரும் அவனுக்குப் புதிது. ஹமமட்சுவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, சுத்தமான மின்சாரம் வரும்வரை தொடுவதில்லை என்று கட்டுப்பிரிக்காமலே வைத்திருந்தான். கினுயோ தினமும் அந்தக் கட்டைத் துடைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் இனோசே துவைத்த சட்டையோடு வந்தார். மொரிஹிகோ ஊசியை இறக்கினான். தேனீ இல்லை. பனி விழுந்த மாதிரி அமைதி. பிறகு முரசு இறங்கியது, பாய்த்தரை அதிர்ந்தது, குரல் கரும்பாகு மாதிரி ஊறி வந்தது. மொரிஹிகோவின் கண் கலங்கிவிட்டது.

"என்ன கனம் பாத்தீங்களாய்யா."

"கனந்தான். பாடுறது யாரு?"

"அன்னிக்குக் கேட்டீங்களே, அதே அம்மாதான்."

"சளி பிடிச்சிருக்கோ?"

கினுயோ மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை விழுந்த பிறகுதான் முரசு விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கோடைத் திருவிழாவில் இந்தப் பாட்டுக்குத்தான் பத்தொன்பது வருஷமாகத் தெருவையே ஆடவைக்கிறாள். அவள் கை தப்பாது. கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக மூன்று நிமிஷப் பாட்டு, மூன்று நிமிஷம் முப்பத்தாறு விநாடி ஓடிற்று.

சொன்னால் இனோசே முன்னால் தம்பி தலைகுனிவான், கம்பமும் போகலாம். சொல்லாவிட்டால் அந்தக் காது ஆயுசுக்கும் பொய்ப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதை அவளால் தாங்க முடியாது.

"தம்பி, இந்தப் பெட்டி எங்க வாங்கின?"

"ஹமமட்சுலக்கா, சொன்னேனே."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

மொரிஹிகோ குனிந்து சுழல்கிற இசைத்தட்டைப் பார்த்தான். ஃபுஜி ஆற்றுக்கு மேற்கே மின்சாரம் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும், அவர்கள் இருக்கிற கிழக்கே ஐம்பது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பது. அறுபதுக்கு வைத்த மோட்டார் சக்கரம் ஐம்பதில் சுற்றினால் தட்டு தூங்கி வழியும். அவன் பாயில் மல்லாந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. காலை உதைத்துக்கொண்டு சிரித்தான்.

இனோசேக்கு விளங்க இரண்டு நிமிஷம் பிடித்தது. "ஆக, கம்பம் நட்டு, மின்சாரத்தக் குளிப்பாட்டி, பொட்டு வச்சு, கடைசில பாட்ட நொண்ட விட்டிருக்க."

"கவுத்தது நானில்லய்யா, அந்த ஆறு."

பிளேயர் வந்த அட்டைப்பெட்டியின் மூலையில் காகிதம் சுற்றி இன்னொரு பித்தளைச் சக்கரம் இருந்தது. கொஞ்சம் பெரியது, ஐம்பதுக்கானது. கினுயோ டார்ச் பிடிக்க, அவன் சிரித்துக்கொண்டே அதை மாட்டினான்.

இந்தத் தடவை அந்த அம்மாள் சளியெல்லாம் தீர்ந்து, அறை நடுவில் வந்து நின்று பாடினாள். மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. கினுயோவால் உட்கார முடியவில்லை. எழுந்து கைவீசி ஆடினாள். மொரிஹிகோ பின்னால் சேர்ந்துகொண்டான். இனோசேயும் எழுந்தார். நாலாவது அடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர்மேல் சாய்ந்தார்.

"சொல்லுங்கய்யா. கம்பம் நிக்குதா, போகுதா?"

இனோசே மூச்சு வாங்கிக்கொண்டார். "தேனீ செத்துப்போச்சு. அதுல நான் பொய் சொல்லமாட்டேன். கம்பம் நிக்கட்டும். மலைக்கு நடு வகிடு எடுத்ததா நெனச்சிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா திருவிழாவுல ஒரு சுத்து எங்க வயசு ஆளுங்களுக்கு அந்தப் பழைய சக்கரத்தப் போடணும், கினுயோம்மா. அதுலதான் என் கால் கூட வரும்."

அன்று மாலையே கினுயோ அந்தச் சின்னச் சக்கரத்தைத் துடைத்துக் காகிதத்தில் மடித்தாள். மேலே குண்டு குண்டு எழுத்தில், 'இனோசேயின் முழங்கால்' என்று எழுதிவைத்தாள்.