கொடும்பாவிக்குக் கொள்ளி வைத்த கருத்தையா

மம்சாபுரத்து வண்டிக்காரன் கருத்தையாவுக்கும் கூமாப்பட்டி அழகுத்தாய்க்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பரிசம் போட்டார்கள். அன்றோடு மழையும் நின்றுபோனது. மூன்று வருஷமாகக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. கிணற்றில் வாளி விட்டால் சகதி வந்தது. பந்தியில் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் என்ன கல்யாணம், மழை பெய்யட்டும் என்று பெண்ணின் அப்பா பால்ச்சாமி சொல்லிவிட்டார். ஊருக்கு மழை வயலுக்கு வேண்டும். கருத்தையாவுக்கோ தாலி கட்டுவதற்கு வேண்டும்.

கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி கட்டி இழுத்தது. ஊர்ப் பாவத்தையெல்லாம் சுமக்கும் வைக்கோல் மனுஷன் அவன். தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து எரித்தால் வானம் மனமிறங்கும். ஆனால் கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டுமே. அப்பன் உயிரோடு இருக்கிறவன் வைக்கக் கூடாது. அப்பன் இல்லாதவனுக்கோ இந்தப் பாவியை அப்பன் என்று சொல்ல நா எழவில்லை. தாய் தகப்பன் இல்லாத கருத்தையா ஒத்துக்கொண்டான். மொட்டை போட்டு, ஆசையாக வளர்த்த மீசையையும் எடுத்தான். கொள்ளிக்குடத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. வெறுங்குடத்தையே சுமந்து உடைத்தான்.

ஒன்பதாம் நாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கருத்தையா நனைந்துகொண்டே கூமாப்பட்டிக்கு ஓடினான்.

பால்ச்சாமி அவன் மொட்டையைப் பார்த்தார். அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் ஒரு வருஷம் மணவறை ஏறக் கூடாது, துக்கம் கழியட்டும் என்றார். அது வெறும் வைக்கோல் மாமா என்று கருத்தையா கெஞ்சினான். வெறும் வைக்கோலுக்கா இந்த மழை பெய்கிறது என்று அவர் கேட்டார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கொடும்பாவிக்குக்கூட அவன் அப்படி அழவில்லை.

உள்ளே இருந்த அழகுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கே வந்துவிட்டாள்.

“இவிய மட்டுமா அப்பான்னு அழுதாவ? ஊர்ச்சனம் அம்புட்டும் மாரடிச்சு அழுதுச்சு. நீங்களும் மம்சாபுரம் போயி அழுதிய. அப்போ தீட்டு எல்லாத்துக்கும் உண்டு. அண்ணன் கல்யாணத்தையும் ஒரு வருசம் தள்ளி வையிங்க.”

பால்ச்சாமி தன் மகனுக்கு அன்று காலையில்தான் நாள் குறித்திருந்தார். அழுதவர்களுக்கெல்லாம் தீட்டு என்ற சேதி சாயங்காலத்துக்குள் மம்சாபுரம் போய்ச் சேர்ந்தது. அங்கே வீட்டுக்கு வீடு மூன்று வருஷமாகக் கல்யாணம் காத்துக் கிடந்தது.

மறுநாளே ஊர் கூடியது. செத்தவன் எவனுக்கும் அப்பனில்லை, அநாதைப் பிணம், துக்கம் கிடையாது என்று பெரியவர் ஒருவர் சொல்லி, ஆமோதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் கை தூக்கியவன் கொள்ளி வைத்த மகன்தான்.