வெள்ளைக்கோட்டுச் சாமி

எங்கள் சாமித்தட்டில் பிள்ளையார், முருகன், மடு மாதா ஆகியோருடன் நான்கு வருடங்கள் ஓர் இத்தாலியப் பாடகரும் குடியிருந்தார். தினமும் பூவும் ஊதுபத்தியும் அவருக்கும் கிடைத்தன. அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஓர் இத்தாலிய அன்ரியின் வீட்டுப் பேஸ்மென்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். ஒரு நாள் அன்ரி குப்பைக்கு வைத்திருந்த சாமான்களுக்குள்ளிருந்து அம்மா கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றை எடுத்து வந்து, துடைத்து, சாமித்தட்டின் ஓரத்தில் வைத்தார். வெள்ளைக் கோட்டு, விரித்த கைகள், மூடிய கண்கள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே ஏதோ கிறுக்கல். மாதாவையும் அந்தோனியாரையும் கும்பிட்டுப் பழகிய எங்களுக்கு இத்தாலியிலிருந்து இன்னொருவர் வந்தால் என்ன? அடுத்த நாளே அவருக்குப் பூ வைத்தேன். அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானும் கைகூப்பினார்.

மற்றச் சாமிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். புதியவருக்கு வேலை குறைவாக இருக்கும் என்று அப்பாவின் விடயத்தை அவரிடமே ஒப்படைத்தேன்.

தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கொடுக்க மேலே போனால், அன்ரியின் தொலைக்காட்சியில் என் சாமி மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டேன். அன்ரி என்னை இருத்திவைத்து முழுக்கதையும் சொன்னார். கடலோர ஊரொன்றில் மெக்கானிக்கின் மகன். கராஜில் வேலை செய்தபடியே பாட்டு எழுதி, இருபது வயதில் நாடு முழுவதையும் பாடவைத்தவர். நல்லாக வந்துகொண்டிருந்த நேரத்தில் தொண்டையில் சத்திரசிகிச்சை. ஐந்து வருடம் மேடையேறவில்லை. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டே இருந்தாராம். பிறகு கரகரத்த குரலோடு திரும்பி வந்தபோது சனம் எழுந்து நின்று அழுததாம். அவர் ரொறன்ரோவுக்கு வந்த நேரம் கணவரோடு போய் வாங்கிய படம் ஒன்று இருந்தது, கணவர் இறந்தபின் அதைப் பார்க்க முடியாமல் எறிந்துவிட்டேன் என்று சொல்லி அன்ரி கண்ணைத் துடைத்தார். படம் எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது என்று சொல்லாமலே கீழே இறங்கி வந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் படத்தை இறக்கிவிடுவார், கும்பிட்டதெல்லாம் வீணாகி அப்பா வராமலே போய்விடுவார் என்று பயந்தேன். மூச்சு விடவில்லை. ஐந்து வருடம் காத்திருந்தவருக்கு எங்கள் காத்திருப்பு விளங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, அன்று பின்னேரமும் பூ வைத்தேன்.

அடுத்த வருடம் அப்பா வந்தார். சாமித்தட்டின் முன் நின்று, இது யாரென்று கேட்டார்.

"உவர்தான் உங்களை இஞ்சை கூட்டிவந்தவர். கும்பிடுங்கோ" என்றார் அம்மா. அப்பாவும் மறுபேச்சில்லாமல் கும்பிட்டார்.

பிறகு ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி மாறும்போது, அந்தப் படத்தை மேலே அன்ரியிடம் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அம்மா என் கையில் தந்தார். இனியும் மறைக்க மனமில்லை. அவர் சாமியில்லை, பாட்டுக்காரர் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டுவதை நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போட்ட சாமியை எங்கை பிள்ளை கண்டனி? அப்பான்ரை படம் போடத்தான் அந்தச் சட்டத்தை எடுத்தனான். அதுக்கிடையிலை நீ பூ வைச்சிட்டாய்."

தான் ஏமாந்ததை மறைக்க அம்மா சமாளிக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே படியேறினேன்.