நிற்பதற்கு ஒரு கையெழுத்து

உதைபந்தாட்டத்தை நின்று பார்க்க விடுங்கள் என்று கேட்டுக் கையெழுத்து வைத்த குற்றத்துக்காக, இங்கிலாந்து அரசாங்கம் என் சித்தப்பாவைப் பிடித்து விமானத்தில் ஏற்றப் போகிறது என்று நான் மூன்று கிழமை முழுதாக நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதில் ஒருவன் எதையும் நம்பலாம், அதை மன்னித்துவிடலாம். நான் நம்பியதோடு விட்டேனா? அவரைக் காப்பாற்றவும் கிளம்பிவிட்டேன். அதைத்தான் மன்னிக்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு அறை வீடொன்றில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா என்று நான்கு பேர் இருந்தோம். சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. வயது இருபத்தாறு. பெற்றோல் செட்டில் வேலை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மூன்று வருடமாகப் பதிலுக்குக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பந்தைத் திரும்பியும் பார்க்காத மனிதர். லண்டனுக்கு வந்ததும் என்ன பிடித்ததோ, நடந்து போகும் தூரத்தில் இருந்த மைதானத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் போக ஆரம்பித்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால், உட்காரக் கதிரையே இல்லாத ஒரு பகுதி இருந்தது. சீமெந்துப் படிகள், சாய்ந்துகொள்ள இடையிடையே இடுப்பளவு இரும்புத் தடுப்புகள், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஆயிரக்கணக்கான சனம். அவ்வளவுதான். அங்கேதான் அவர் நிற்பார். சில வேளை என்னையும் கூட்டிப் போய் அந்தத் தடுப்பின்மேல் காகத்தைப் போல உட்கார்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

அம்மாவுக்கு அது வயிற்றில் நெருப்பு. சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மைதானத்தில் இப்படி நின்ற சனம் நெரிசலில் நசுங்கி இறந்ததை டிவியில் காட்டியிருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதன் பிறகு, பெரிய மைதானங்களில் நிற்கும் படிகளை உடைத்துக் கதிரை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாடு முழுக்க நடந்த அந்த விவாதம் எங்கள் குசினியிலும் நடந்தது.

“மனிசன் மாதிரி இருந்து பாத்தால் என்னடா குறைஞ்சு போகும்?” என்பார் அப்பா.

“நிண்டதாலையே அண்ணை அந்தச் சனம் செத்தது? ஆட்டுப்பட்டி மாதிரிக் கம்பி அடைச்சு, அதுக்குள்ளை கணக்கில்லாமல் ஆக்களை விட்டால் என்ன நடக்கும்? கம்பியைக் கழட்டு, ஆக்களை எண்ணி விடு. நிக்கிறவனை நிக்க விடு.”

“செத்தவையின்ரை தாய் தேப்பனுக்கு முன்னாலை போய் உதைச் சொல்லுவியே?”

“அதையும் யோசிக்கிறனான்தான்” என்பார் சித்தப்பா. ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்கும்.

“ரெண்டு பேரும் நிண்டுகொண்டே சண்டை பிடிக்கிறியள். முதல்லை இருந்து சாப்பிடுங்கோ,” என்று அம்மா தட்டுகளை வைப்பார். அம்மாவுக்கு அந்த விவாதத்தில் இருந்த அக்கறை அவ்வளவுதான்.

சித்தப்பாவின் இடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிற்பார். கையில் தேநீர்ப் போத்தலோடு வருவார். ஐம்பது வருடமாக அதே படியில் நிற்கிறாராம். அந்தக் கோடையோடு எங்கள் மைதானத்தின் படிகளையும் உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், படிகளைப் பாதுகாப்பாகத் திருத்தி வைத்திருங்கள், உடைக்காதீர்கள் என்று ஒரு விண்ணப்பத்தை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். சித்தப்பா ஐந்து தாள்களை வாங்கி வந்து எங்கள் ஆட்களிடம் கையெழுத்துக் கேட்டுப் புறப்பட்டார்.

எங்கள் ஆட்களிடம் பெயரும் விலாசமும் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலசரக்குக் கடைக்காரர் எதிர்க்கடைக்காரரின் பெயரை எழுதினார். எதிர்க்கடைக்காரர் இவருடைய பெயரை எழுதினார். அம்மா தன் பெயரைப் போட்டு, நாங்கள் எப்போதோ விட்டு வந்த பழைய வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். அப்பா, தன்னைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்த கணக்கு வாத்தியார் கனகசபாபதியின் பெயரை எழுதி, அவரைப் போலவே சுழித்துக் கையெழுத்தும் வைத்தார்.

“எங்கடை சனம் நிக்கிறதுக்கே பயப்பிடுது,” என்று சித்தப்பாவுக்குக் கோபம். எல்லாத் தாளுக்கும் மேலே, முதல் வரியில், தன் முழுப்பெயரை எழுதினார். தகப்பன் பெயர், சொந்தப் பெயர், சரியான வீட்டு இலக்கம், எல்லாம் அழகான எழுத்தில். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியவர்கள் கதைக்கும்போது மேசைக்கடியில் இருந்து கேட்டதெல்லாம் எனக்குப் பாடம். ஊரில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இராணுவத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற இளம் பொடியன்களைத் தேடித்தான் ஜீப் வரும். இவர் என்னடாவென்றால் யாரும் கேட்காமலே பட்டியலில் முதல் ஆளாக ஏறி நிற்கிறார்.

இரண்டு மாதம் ஒரு ஜீப்பும் வரவில்லை. அதற்குப் பதிலாக மண்ணிறக் கடித உறை ஒன்று வந்தது.

வீட்டில் ஆங்கிலம் நன்றாக வாசிப்பவன் நான் என்பதால் தபாலை எடுப்பதும் உடைப்பதும் என் உத்தியோகம். சித்தப்பாவின் முழுப்பெயர். அரசாங்க முத்திரை. இன்ன திங்கட்கிழமை காலை அடையாளப் பத்திரங்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால், என்று அடுத்த வரி தொடங்கியது. நான் அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கையெழுத்து போய்ச் சேர்ந்துவிட்டது!

இனி என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். சித்தப்பாவுக்குக் கடிதம் கிடைக்காவிட்டால் அவர் போக மாட்டார். போகாவிட்டால் பிடிக்க முடியாது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் சாமிப்படங்கள் இருந்தன. கதிரையில் ஏறி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கடிதத்தைச் செருகினேன். பிள்ளையாரைச் சோதனை போட எந்த அரசாங்கமும் துணியாது என்பது என் கணக்கு. அதன் பிறகு மூன்று கிழமை அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் நான் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டேன். பிள்ளைக்கு நல்ல பக்தி வந்துவிட்டது என்று அம்மா சட்டன் பகுதியில் இருந்த மாமிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அந்தப் படிகளில் நின்று பார்க்கும் கடைசி ஆட்டம், கடிதத்தில் இருந்த திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. சித்தப்பா என்னையும் கூட்டிப் போனார். வழமையைவிட இரண்டு மடங்கு சனம். சிலர் சீமெந்தைக் கொஞ்சம் பெயர்த்து நினைவுக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். தேநீர்ப் போத்தல் கிழவர் பாடிக்கொண்டே அழுதார். நான் இரும்புத் தடுப்பில் இருந்தபடி கீழே பார்த்தேன். புல்வெளியின் ஓரம் முழுக்கப் போலீஸ்! ஒவ்வொரு கிழமையும் நிற்கிறவர்கள்தான். ஆனால் அன்று வரிசை நீளமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் சனம் புல்வெளிக்குள் பாயும் என்ற பயத்தில் கூடுதலாக விட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியுமா? ஒரேயொரு சித்தப்பாவுக்கு இவ்வளவு பேரா என்று திகைத்துப் போனேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் படிகளில் ஏறினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு, நேராக எங்களை நோக்கி.

“சித்தப்பா, குந்துங்கோ! கெதியாக் குந்துங்கோ!”

“என்னடா, மூத்திரமோ?”

“பொலிஸ் வாறாங்கள்! உங்களைப் பிடிக்க! கடிதம் வந்தது, நான் ஒளிச்சுப்போட்டன்!”

சுற்றிவர ஆயிரக்கணக்கானவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் முகத்தில் மட்டும் சத்தம் நின்றுபோனது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“என்ன கடிதம்?”

“அரசாங்கக் கடிதம். வரச் சொல்லி. மூண்டு கிழமையாப் பிள்ளையாருக்குப் பின்னாலை கிடக்குது.”

அவர் போலீஸ்காரர்களைப் பார்த்தார். திரும்பி மேலே பார்த்தார். பிறகு என்னை இரண்டு கையாலும் தூக்கிக் கிழவரிடம் கொடுத்தார். கிழவர் என்னை முன்னால் நின்றவரின் தலைக்கு மேலே நீட்டினார்.

அந்தப் படிகளில் அது ஒரு பழைய வழக்கம். நெரிசல் கூடினால் பிள்ளைகளைத் தலைகளுக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றி, முன்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். எனக்கு அது கைது. பச்சை குத்திய கைகள், மோதிரக் கைகள், வெங்காயம் மணக்கும் கைகள் எல்லாம் சேர்ந்து என்னைப் போலீஸிடம் ஒப்படைக்கின்றன என்றே நம்பினேன். உதைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு சப்பாத்தையும் இழந்தேன். அவர்களோ நான் குஷியில் துள்ளுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக அனுப்பினார்கள்.

பயணத்தின் முடிவில், நான் எதிர்பார்த்தபடியே, பெரிய மீசை வைத்த ஒரு போலீஸ்காரரின் கையில் போய் விழுந்தேன். அவர் என்னைக் குட்டை மதிலில் இருத்தி, குனிந்து, பெயர் என்ன என்று கேட்டார்.

“கனகசபாபதி,” என்றேன்.

அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது எழுத்தோடு கைவிட்டுவிட்டு, ஒரு இனிப்பைத் தந்தார். விசாரணையின் முதல் கட்டம் இது என்று எண்ணி, நான் அதைத் தின்னவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். மேலே போன இரண்டு போலீஸ்காரர்களும் கிழவரைத் தாண்டி, நல்ல குடிவெறியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்தார்கள். சித்தப்பா தன் இடத்தில் இல்லை. தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாப் படிகளுக்கும் மேலே, வெளியே போகும் வாசலருகில் நின்றார். கீழே என்னையும் என்னோடு நின்ற மீசைக்காரரையும் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கத் தொடங்கினார். அவ்வளவு நெரிசலிலும் இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார். பாட்டுக்குக் கை ஆட்டுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவர்களும் கையை உயர்த்தினார்கள்.

சித்தப்பா மீசைக்காரருக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் கேட்கப்படுவதற்கு முன்னமே, தன் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். மீசைக்காரர் கொஞ்சம் குழம்பினார். பிள்ளை உங்களுடையதா, கையை விடாதீர்கள், இன்று சனம் அதிகம் என்றார். பிறகு கோல் விழப் போகிற சத்தம் கேட்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

நாங்கள் ஆட்டம் முடியுமுன்னே வெளியேறினோம். ஒரு சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சித்தப்பா பிள்ளையாரை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, இந்த முறை என்னை நம்பாமல், நான் நிறுத்திய இடத்திலிருந்து அப்பாவைக்கொண்டு வாசிப்பித்தார். அகதி விண்ணப்பத்தின் நேர்முக விசாரணை. மூன்று வருடமாக அவர் காத்திருந்த கடிதம். வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். நாள், நாளை மறுநாள்.

எனக்கு அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா கையை ஓங்கினார். “விடுங்கோ அண்ணி,” என்றார் சித்தப்பா. “பொடியன் எனக்காண்டித்தானே செய்தவன்.”

திங்கட்கிழமை போனார். அங்கே யாரும் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கேயே இருக்கலாம் என்று அடுத்த வருடம் பதில் வந்தது. படிகளை அந்தக் கோடையிலேயே உடைத்துக் கதிரை போட்டுவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை.

இந்தக் கதையை நான் முப்பது வருடமாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது மைதானங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் கம்பி வைத்துப் பாதுகாப்பாக நிற்க மறுபடி இடம் விடுகிறார்கள் அல்லவா, அந்தப் பேச்சு வந்தபோது இல்ஃபோர்ட்டில் என் மகளின் பிறந்தநாளில் இன்னொரு முறை எடுத்துவிட்டேன். தலைகளுக்கு மேலே நான் துள்ளியதையும் கனகசபாபதியையும் நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முழங்கால் வருத்தத்தோடு கதிரையில் இருந்த சித்தப்பா சிரிக்கவில்லை.

“நானும் எனக்குத்தான் வந்தவங்கள் எண்டு நினைச்சனான்,” என்றார். “உன்னையும் சேத்துப் பிடிக்கக்கூடாதெண்டுதான் தூக்கிக் குடுத்தனான். பிறகு மேலை போய்த் திரும்பிப் பாத்தால், நீ அவன்ரை கையிலை.”

நெரிசலுக்காக என்னைக் கொடுத்தார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெளிவாசல் அவருக்கு இரண்டு எட்டில் இருந்தது. திறந்தும் இருந்தது. நான் நாற்பது படி கீழே இருந்தேன். அவர் கீழே இறங்கி வந்தார்.