கடல் பக்கம் யார் நிற்பது

பெண்ணுக்கு அடையாறில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கேட்டிருந்தோம். அங்கே அப்பா அம்மாவையும் உட்கார வைத்து, வீட்டில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்பார்களாம். மாடி வீட்டு அக்கா சொன்னார். விளையாடுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் மூளை ஓடுமாம். எங்கள் வீட்டில் அதுவரை இருந்த ஒரே விளையாட்டு, டிவி ரிமோட்டைத் தேடுவது.

எட்டாவதோடு நின்றவள் நான். என்னால் அவள் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தி. நகரில் இரண்டு ஷட்டில் பேட் வாங்கி வந்தார். மறுநாள் சாயங்காலம், மயிலாப்பூரில் எங்கள் சந்தில், நாங்கள் விளையாட்டுக் குடும்பம் ஆனோம்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பேட்டை வீசினேன். பந்து கண்ணில் பட்டால்? வண்டி வந்தால்? விழுந்து இடுப்பு உடைந்தால் இன்டர்வியூவுக்கு யார் போவது? கவலைப்பட்டது போக மிச்ச நேரத்தில்தான் விளையாட்டு. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை இறக்கிவிட்டு நின்று பார்த்தார்.

"இன்னாமே, கொசு அடிக்கிறியா? ஒண்ணுகூட சாவலியே!"

வீட்டுக்காரர் தினமும் ஜெயித்தார். "ஒடம்புல தெம்பு கீது, இன்னா பண்றது" என்பார். ஒரே ஒரு நாள் தோற்றார். அன்று கண்ணில் தூசியாம். பெண் படிக்கட்டில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள். மூளை வளர்கிற அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியை கேட்டேவிட்டார்.

"ஷட்டில், மேடம். டெய்லி," என்றார் வீட்டுக்காரர், பேட்டோடு பிறந்தவரைப் போல.

ஆசிரியை பெண்ணிடம் திரும்பினார். "யாரு ஜெயிப்பாங்க?"

"நைனாதான் மிஸ். எப்பவும் கடல் பக்கம் முதுகு காட்டி நிப்பாரு. சாயங்காலம் காத்து அங்கேர்ந்துதான் வரும். அவரு அடிக்கிறத காத்து தள்ளிக்கினு போவும். அம்மா அடிச்சா அம்மாகிட்டயே திரும்பி வந்துடும்."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் நிறுத்தவில்லை.

"ஒருநாளு தோத்துட்டு, கண்ல தூசின்னாரு. அன்னிக்கு காத்தே இல்ல மிஸ். தூசி எப்டி வரும்?"

போச்சு, இடம் போச்சு என்று எனக்கு வியர்த்தது. ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்தது. வந்த காரியம் முடிந்தது, பேட்டைப் பரணில் போடலாம் என்றார் அவர். பெண் விடவில்லை, சாயங்காலம் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி நின்றேன்.

அன்று வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி.