துவக்கிடம் மட்டும் ஊர் கேட்டவர்

தவம் அண்ணா போயிட்டார்.

கனடாவுல, மான்ட்ரியல் லாசால்ல ஒரு வேட்டைக் கடை. பழைய ரைஃபிள் வாங்கி விக்கிற கவுன்ட்டர்ல இருந்தவர். காலைல வாட்ஸ்அப்ல மரண அறிவித்தல் வந்துச்சு... போட்டோவைப் பார்த்ததோட நிறுத்திட்டேன். படிக்க மனசு வரல.

"மதுரைப் பொண்ணு, ஐ.டி. வேலை, மூஸ் மான் வேட்டைக்குப் போறாளாம்"னு நம்ம ஆட்களே சிரிச்சாங்க. இவர் சிரிக்கல. லைசென்ஸை மட்டும் வாங்கிப் பார்த்தார்.

"துவக்கைத் தாங்கோ தங்கச்சி."

எதைத் துவக்கணும்னு முழிச்சேன். நம்ம துப்பாக்கிதான் அவங்களுக்குத் துவக்காம்!

ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் அது. தோட்டாவைப் போட்டுத் தாழ்ப்பாள் மாதிரி போல்ட்டைத் தள்ளிப் பூட்டணும். ஜெர்மன்னு சொல்லித்தான் கொடுத்தார். "பாருங்கண்ணா, போல்ட் வெண்ணெய் மாதிரி மூடுது"ன்னு பெருமையடிச்சேன்.

அவர் அடியில இருந்த மரக்கட்டையைக் கழட்டினார். குழலோட அடியில டார்ச் அடிச்சு, ரைஃபிள்கிட்டயே கேட்டார். "நீ எவ்விடம்?"

அப்புறம் என்கிட்ட, "மேல கிடக்கிறது வித்த கம்பனியின்ர பேர். ஊர் அடியிலதான் இருக்கும். இது ஜெர்மனி இல்ல, பெல்ஜியம். நல்ல வேலைதான். ஆனா போல்ட் இதின்ர இல்ல, நம்பர் வேற."

தோட்டா மாதிரி இருந்த, அளவு பார்க்கிற ஒரு கேஜை உள்ள வெச்சார். அது இருக்கும்போது போல்ட் மூடவே கூடாதாம். என் போல்ட் சமர்த்தா மூடிக்கிச்சு.

"வெண்ணெய்தான். சுட்டா உங்கட முகத்தில வெடிக்கும்."

சனிக்கிழமை கிளம்பணும்... கோவம் தலைக்கேறிடுச்சு. "பொம்பளைன்னுதானே பயமுறுத்துறீங்க?"

"ஆம்பிளை பொம்பிளை எண்டு துவக்குக்குத் தெரியாது தங்கச்சி."

அந்த சீசன் போச்சு. அடுத்த சீசனுக்குள்ள சரியான போல்ட்டைத் தேடிப் பிடிச்சு, கடையிலேயே பொருத்த வெச்சு, கேஜ் போட்டுக் காட்டித்தான் கையில கொடுத்தார். ரெண்டு கண்ணோட இதை டைப் பண்ணிட்டிருக்கேன்.

ஒருநாள் கேட்டேன். "எல்லா ரைஃபிள்கிட்டயும் ஊர் கேக்குறீங்க, என்கிட்ட ஒரு தடவைகூட கேக்கலையேண்ணா?" இங்க தமிழ் முகத்தைப் பார்த்தா யாரும் முதல்ல கேக்குறதே அதைத்தானே!

"ஆக்களிட்ட நான் கேக்கிறேல்ல. அங்க செக்பாயிண்டில, துவக்கோட நிண்டவங்கள் எங்களிட்ட எவ்விடம் எவ்விடம் எண்டு கேட்டவங்கள். இப்ப நான் துவக்கிட்டக் கேக்கிறன்."

சொல்லிட்டு சிரிச்சார். எனக்கு சிரிப்பு வரல.

அவருக்கு எந்த ஊர்னு நானும் அதுக்கப்புறம் கேக்கல. பேச்சை வெச்சுக் கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியாது, இலங்கைத் தமிழ் எல்லாமே என் காதுக்கு ஒண்ணுதான்.

இப்பத்தான் அறிவித்தலைத் திறந்து படிச்சேன். உங்க ஆட்கள் வழக்கப்படி முதல் வரியே ஊர்தான் அண்ணா.

"மூதூரைப் பிறப்பிடமாகவும், மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட..."

மூதூரா அண்ணா...

நான் கேக்கல. அறிவித்தல் போட்டவங்களாத்தான் சொல்லிட்டாங்க.

போயிட்டு வாங்க.